உறைபனிப் பாதைக்கு ஒரு ஃபேட் பைக்: டயரிலிருந்து தொடங்கும் கணக்கு

வட மினசோட்டாவின் இன்டர்நேஷனல் ஃபால்ஸ் நகரிலிருந்து டவர் என்னும் சிற்றூரை நோக்கிக் காடுகளின் ஊடே செல்லும் ஆரோஹெட் பாதை, பனி இறுகியபின் ஸ்னோமொபைல் என்னும் பனி மோட்டார் வண்டிகள் ஓடும் நெடுவழியாக மாறிவிடுகிறது. ஜனவரி இறுதியில் ஏறத்தாழ 217 கி.மீ. தொலைவுக்கு அங்கு நடக்கும் ஆரோஹெட் 135 பந்தயத்தில் மிதிவண்டிக்காரர்களும் பனிச்சறுக்கு வீரர்களும் நடந்தே கடப்பவர்களும் கலந்துகொள்கிறார்கள். மைனஸ் 30 பாகை செல்சியஸ் என்பது அந்தப் பகுதிக்கு வியப்பான செய்தியன்று. 1996 பிப்ரவரி 2 அன்று டவர் அருகே பதிவான மைனஸ் 51 பாகைதான் இன்றுவரை மினசோட்டாவின் மிகக் குறைந்த வெப்பநிலை. அதே மாநிலத்தின் டுலூத் நகரில் குடியேறி ஐந்து குளிர்காலங்களைக் கடந்துவிட்ட நான், இந்தப் பாதையில் சுமையோடு செல்வதற்கென்றே மிக அகலமான டயர்கள் கொண்ட பனி மிதிவண்டியான ஃபேட் பைக் ஒன்றை அளவெடுத்துச் செய்துகொள்ள முடிவு செய்தபோது எதிர்கொண்ட தேர்வுகளையும், அவற்றில் எதை ஏன் எடுத்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். என் முடிவுகள் என் உடலுக்கும் என் பாதைக்கும் உரியவை. ஆனால் அவற்றை எடுத்த வரிசை பிறருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, அளவெடுத்துச் செய்வது உண்மையில் தேவைதானா என்பது. கடைகளில் கிடைக்கும் அலுமினிய ஃபேட் பைக்குகள் இன்று மிக நல்ல தரத்தில் வருகின்றன. சராசரி உயரம் கொண்ட ஒருவர், வீட்டருகே செப்பனிடப்பட்ட பனிப்பாதையில் வார இறுதிகளில் ஓட்டுவதற்கு அவையே போதும். தனியாகச் செய்யும் வண்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை அவர் நல்ல காலணிக்கும் கையுறைக்கும் செலவிடுவதே அறிவுடைமை. என் நிலை வேறு. என் உயரம் 162 செ.மீ. 26 அங்குல ரிம்மில் 4.8 அங்குல டயர் ஏறும்போது சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய 75 செ.மீ. ஆகிவிடுவதால், சிறிய அளவு என்று விற்கப்படும் சட்டகங்களிலும் மேற்குழாய் எனக்கு உயரமாகவே இருக்கிறது. வறண்ட தரையில் இது சிறு தொல்லை மட்டுமே. பனியில் வண்டியை நிறுத்திக் கால் ஊன்றினால் பாதம் முழங்கால்வரை புதைந்து போகலாம். அப்போது அந்தக் குழாய் எங்கே வந்து மோதும் என்று விளக்கத் தேவையில்லை. இதனோடு, கால்களை அகட்டி மிதித்தால் வலிக்கும் ஒரு வலது முழங்காலும் எனக்கு உண்டு. இவ்விரண்டும் இல்லையென்றால் நான் தயார் வண்டியையே வாங்கியிருப்பேன்.

தனி வண்டி செய்ய நினைப்பவர்களில் பெரும்பாலோர் எஃகா, டைட்டேனியமா என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அது தவறான முனை. டயரின் அகலம் ரிம்மின் அகலத்தையும், அவ்விரண்டும் சேர்ந்து பின்சக்கரத்தின் நடு உருளையான ஹப்பின் அகலத்தையும், ஹப் செயின் ஓடும் கோட்டையும், அந்தக் கோடு பெடல் தண்டுகள் சுழலும் அச்சுக்கூடான பாட்டம் பிராக்கெட்டின் அகலத்தையும், அது இரு பெடல்களுக்கும் இடையேயுள்ள தூரத்தையும் தீர்மானிக்கின்றன. குழாய் எந்த உலோகம் என்பது இவையெல்லாம் முடிந்தபின் வருவது.

டயர் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதற்கு முன், அகலம் எதற்காக என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தரையில் பதியும் பரப்பு பெரும்பாலும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. வண்டி, ஓட்டுநர், சுமை மூன்றும் சேர்ந்து 100 கிலோ என்று கொண்டு, அதை இரு சக்கரங்களும் சரிபாதியாகத் தாங்குவதாக வைத்துக்கொண்டால், 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்திற்கு 5 பவுண்டு) அழுத்தத்தில் ஒவ்வொரு டயரும் சுமார் 140 சதுர செ.மீ. பரப்பில் பனியைத் தொடும், 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓடும் சாதாரண மலைப்பாதை மிதிவண்டி வெறும் 18 சதுர செ.மீ. அளவில் தொட்டு, கத்திபோல் உள்ளே இறங்கிவிடும். குறுகிய டயரில் 5 பி.எஸ்.ஐ. மட்டும் நிரப்பினால் ரிம் தரையில் இடிக்கும். அவ்வளவு குறைந்த அழுத்தத்தையும் தாங்கி நிற்கும் கன அளவைக் கொடுப்பதுதான் அகலத்தின் வேலை.

இந்தப் பாடத்தை அலாஸ்காக்காரர்கள் அனுபவத்தில் கற்றார்கள். 1987இல் அங்கு நடந்த முதல் ஐடிட்டாபைக் பந்தயத்தின் 200 மைல்களில் பெரும்பகுதியைப் பலர் வண்டியைத் தள்ளியே கடந்தார்கள். அதன்பின் இரண்டு ரிம்களை அருகருகே வைத்துப் பற்றவைத்துப் பார்த்தார்கள்; ஃபேர்பேங்க்ஸ் நகரின் சைமன் ராகோவர் 44 மி.மீ. அகலமுள்ள ஸ்னோகேட் ரிம்மைச் செய்தார். அதே காலகட்டத்தில் தெற்கே மணல் மேடுகளில் ஓட்டுவதற்காக ரே மொலினா 82 மி.மீ. ரிம்மையும் 3.5 அங்குல டயரையும் உருவாக்கினார். பனியும் மணலும் ஒரே கேள்வியைக் கேட்டதால் ஒரே விடை கிடைத்தது. 2005இல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி 65 மி.மீ. ரிம்மும் 3.7 அங்குல டயருமாக வந்தபோதுதான் இத்தகைய வண்டி சாதாரணக் கடைகளிலும் கிடைக்கத் தொடங்கியது.

இன்று தேர்வு மூன்று. 26 அங்குல ரிம்மில் 4 அங்குல டயர் ஒன்று. அதே ரிம்மில் 4.6 முதல் 5 அங்குலம்வரை இன்னொன்று, 27.5 அங்குல ரிம்மில் 4 அல்லது 4.5 அங்குலம் மூன்றாவது. மூன்றாவது வகை பெரிய ஆரம் காரணமாக மேடுபள்ளங்களில் சீராக உருளும். உயரமானவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். என் உயரத்திற்கு அது சட்டகத்தை மேலும் உயர்த்திவிடும் என்பதால் அதை முதலிலேயே விலக்கினேன். ஆகவே என் முன் நின்றது 4 அங்குலமா, 5 அங்குலத்தை ஒட்டியதா என்ற கேள்விதான். அதன் உண்மையான உருவம் பின்ஹப்பில் தெரிகிறது. 4 அங்குல டயருக்கு, ஹப்பின் ஊடே தடித்த தண்டு செல்லும் துளை-ஆக்சில் முறையில் 177 மி.மீ. ஹப் போதும், 5 அங்குலத்திற்கு 197 மி.மீ. வேண்டும், இல்லையேல் பெரிய பற்சக்கரத்தில் இருக்கும்போது செயின் டயரை உரசும். செயின் ஓடும் கோடு முதல் வகையில் வண்டியின் நடுவிலிருந்து சுமார் 66 மி.மீ., இரண்டாவதில் சுமார் 76 மி.மீ. தள்ளி அமைகிறது. சாதாரண மலைப்பாதை வண்டியில் பெடல்கள் பொருந்தும் இரு தண்டுகளின் வெளிப்புறங்களுக்கும் இடையே 170 மி.மீ. அளவில் இருக்கும் தூரம், 177 ஹப்பில் 200 மி.மீ.யைத் தாண்டும், 197இல் அது 220 மி.மீ.யை ஒட்டி நிற்கும்.

இந்த 20 மி.மீ. காகிதத்தில் அற்பமாகத் தோன்றும். நண்பர் ஒருவரின் 197 ஹப் வண்டியை இரவல் வாங்கி இரண்டு வார இறுதிகள் ஓட்டினேன். நாற்பதாவது கிலோமீட்டரில் வலது முழங்காலின் வெளிப்புறம் வலிக்கத் தொடங்கி, வீடு திரும்பும்வரை நிற்கவில்லை. தடித்த குளிர்காலக் காலணியின் குதிகால், அகன்று விரிந்த பின்சட்டகக் குழாயில் ஒவ்வொரு சுற்றிலும் உரசியதையும் அப்போதுதான் கவனித்தேன். அகலமான சட்டகத்தில் சிறிய டயரைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம், குறுகிய சட்டகத்தில் பெரிய டயரைப் பொருத்த முடியாது என்ற வாதம் வலுவானது. முழங்கால் நலமாக உள்ளவர்கள் அதன்படி 197ஐ எடுப்பதே சரி என்று எண்ணுகிறேன். யாரும் செப்பனிடாத பனியில் நாள்கணக்கில் செல்லும் அலாஸ்காப் பயணத்திற்கு வேறு வழியும் இல்லை. ஆனால் நான் ஓட்டும் பாதை ஸ்னோமொபைல்களால் அழுத்தப்பட்டு, இரவுக் குளிரில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும் பாதை. முழங்காலை மாற்றிப் பொருத்த முடியாது. 177ஐ எடுத்தேன்.

அதற்கு ஈடாக முன்சக்கரத்தில் தாராளமாக இருந்தேன். முன்னால் செயினும் இல்லை, பெடலும் இல்லை, முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க் 150 மி.மீ. முன்ஹப்பை ஏற்குமானால் அதில் 4.8 அங்குல டயரைத் தடையின்றிப் பொருத்தலாம். பனியில் முதலில் புதைவதும், திடீரெனப் பக்கவாட்டில் சறுக்கி ஓட்டுநரைத் தள்ளிவிடுவதும் முன்சக்கரமே. பின்சக்கரம் அது அழுத்திய தடத்தில் வருகிறது. முன்னால் 4.8, பின்னால் 80 மி.மீ. ரிம்மில் 4 அங்குலம் என்று கலந்து பொருத்தினால் முன்பக்கம் சற்று உயர்ந்து திசைத்தண்டின் கோணம் மாறும். சட்டகத்தைப் புதிதாகச் செய்பவர் அந்த மாற்றத்தை வரைபடத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். தனி வண்டிக்கு நான் கொடுத்த பணத்தின் பயன் இந்த ஓர் இடத்திலேயே எனக்குக் கிடைத்துவிட்டதாக உணர்கிறேன். டயருக்கும் சட்டகத்திற்கும் இடையே இருபுறமும் கூடுதல் இடைவெளி விடவும் கேட்டுக்கொண்டேன்; ஈரப்பனி ஒட்டி உறைந்தால் குறுகிய இடைவெளி பிரேக் பிடித்ததுபோல் சக்கரத்தை நிறுத்திவிடும்.

ஆணி பதித்த டயரா, வெறும் டயரா என்பதை நீண்ட நேரம் ஆராயத் தேவையில்லை. உறைந்த ஏரிகளையும், உருகி மீண்டும் உறையும் நகரப் பாதைகளையும் கடப்பவருக்குக் கார்பைடு முனை கொண்ட ஆணிகள் கட்டாயம். காட்டுக்குள் உலர்பனியில் மட்டும் செல்பவருக்கு அவை சுமை. டுலூத்தின் மலைச்சரிவான தெருக்களைத் தாண்டித்தான் நான் எந்தப் பாதைக்கும் போக முடியும் என்பதால் இரு சக்கரங்களிலும் ஆணி உண்டு.

டியூப் வைப்பதா, டியூப் இல்லாமல் அடைப்புத் திரவம் ஊற்றுவதா என்பது சற்று நுட்பமான கேள்வி. ஃபேட் பைக் டியூப் ஒன்றே 400 கிராமை எட்டும். அதை நீக்கினால் டயரின் சுவர் இளகி எளிதாக உருள்கிறது. ஆனால் அடைப்புத் திரவம் கடுங்குளிரில் குழம்பாகி வேலை செய்யாமல் போகலாம். ரிம்மில் இறுக்கமாக அமர்ந்த டயர் விளிம்பை மைனஸ் 30இல் மரத்த விரல்களால் கழற்றுவதும் எளிதன்று. டியூப் வைத்தவர் கதை இதைவிடச் சுலபமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது, ஏனெனில் ஒட்டுப்போடும் பசை அந்தக் குளிரில் பிடிப்பதில்லை. பனியில் முள்ளும் கண்ணாடித்துண்டும் அரிது என்ற நம்பிக்கையில் டியூப் இல்லாத முறையை எடுத்து, ஒரு மாற்று டியூபை மட்டும் பையில் வைத்திருக்கிறேன். எந்த முறையாயினும் காற்றை எங்கே நிரப்புகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 20 பாகை வெப்பமுள்ள அறையில் 8 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயர், வெளியே மைனஸ் 30இல் குளிர்ந்தபின் சுமார் 4 பி.எஸ்.ஐ. மட்டுமே காட்டும். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 22.7 ஆக இருந்த மொத்த அழுத்தம் வெப்பநிலைக்கு ஏற்ப 18.8 ஆகக் குறைவதே காரணம். அழுத்தம் பாதியாகிவிட்டது என்று கண்டு டயரில் ஓட்டை தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நான் மிகவும் அஞ்சும் உறுப்புக்கு வருகிறேன்: மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுழலவிடும், பின்ஹப்பின் ஃப்ரீவீல். மூன்றாவது குளிர்காலத்தில், மைனஸ் 31 பாகையில், பெடலை மிதித்தால் கால் மட்டும் சுழன்றது, சக்கரம் நகரவில்லை. அந்த ஆண்டு கோடையில் ஹப்பைப் பிரித்துப் பூட்டிய கடைக்காரர் கனத்த மசகை நிரம்பப் பூசியிருந்தார். அது குளிரில் கெட்டியாகி, உள்ளே பற்களில் விழ வேண்டிய சிறு நாக்குகளை எழவிடாமல் பிடித்துக்கொண்டது. ஒன்பது கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். நடந்ததால் உடல் சூடாக இருந்தது; வியர்வை நனைந்த நிலையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

பழைய பக்ஸ்லியில் இதற்கு ஓர் அழகான தீர்வு இருந்தது. அதன் பின்சக்கரம் 17.5 மி.மீ. ஒருபுறம் தள்ளி அமைக்கப்பட்டு, முன்னும் பின்னும் ஒரே 135 மி.மீ. ஹப் அகலம் கொண்டிருந்தது. முன்சக்கரத்திலும் ஒரு ஃப்ரீவீலைப் பூட்டி வைத்தால், பின்ஹப் உறைந்த நேரத்தில் இரு சக்கரங்களையும் இடம் மாற்றி ஒற்றைக் கியரில் வீடு திரும்பலாம். இதையே தனிச் சட்டகத்தில் மீண்டும் செய்யச் சொல்லலாம் என்று ஒரு மாதம் யோசித்தேன். ஆனால் 4.8 அங்குல முன்சக்கரம் பின்னால் நுழையாது என்பதால், இரண்டில் ஒன்றை விட வேண்டியிருந்தது. சிறு நாக்குகளுக்குப் பதில் இரு பல்வளையங்கள் முழுச் சுற்றிலும் கவ்வும் வகை ஹப்பைத் தேர்ந்தெடுத்து, குளிர்காலம் தொடங்குமுன் அதை நானே பிரித்து, மெல்லிய குளிர்கால மசகை மிகக் குறைவாகப் பூசுவது என்று முடிவு செய்தேன். கருவி இல்லாமல் கையாலேயே பிரிக்க முடிவது இந்த வகை ஹப்பின் பெரிய சிறப்பு.

கியர் அமைப்பில் போட்டி, செயினைப் பற்சக்கரங்களுக்கிடையே நகர்த்தும், வெளியே தெரியும் டிரெயிலியருக்கும் ஹப்புக்குள்ளேயே பதினான்கு கியர்களை அடக்கிய ரோலாஃப் ஹப்புக்கும் இடையே. வீச்சில் இரண்டும் ஏறத்தாழச் சமம்: ரோலாஃப் 526 விழுக்காடு, 10 முதல் 52 பல்வரையிலான பன்னிரண்டு அடுக்குப் பற்சக்கரம் 520 விழுக்காடு. ரோலாஃப்பின் பல்லிணைகள் எண்ணெயில் மூழ்கி மூடிய பெட்டிக்குள் இருப்பதால் பனி ஒட்டுவதில்லை, நின்றபடியே கியர் மாற்றலாம், சுமையேற்றிய வண்டியைப் பனியில் மீண்டும் நகர்த்துவதற்கு அது பெரிய உதவி. விலையும் எடையும் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. கடுங்குளிரில் உள்ளெண்ணெய் தடித்து மிதிப்பதற்கு இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். என்னைத் தடுத்தது வேறு. அதனுள் ஏதேனும் பழுதானால் பாதையோரத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. டிரெயிலியர் உடைந்தால் செயினைக் கத்தரித்து ஒற்றைக் கியராக்கி ஓட்டலாம். அப்படிச் செய்யும்போது செயினை இழுத்துப் பிடிக்க, பின்ஆக்சிலை முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பைச் சட்டகத்தில் வைக்கச் சொன்னேன். தயார் வண்டிகளில் இது எல்லாவற்றிலும் இருப்பதில்லை. மின்கலத்தால் இயங்கும் டிரெயிலியர்களை நான் கருதவே இல்லை. குளிரில் மின்கலம் தளர்வது கைப்பேசி வைத்திருக்கும் யாவரும் அறிந்தது.

பிரேக்கில் கம்பி இழுப்பா, எண்ணெய் அழுத்தமா என்பதற்கும் இதே அளவுகோல்தான். எண்ணெய் வகையிலும் இரண்டு உண்டு. மோட்டார் வாகனங்களின் பிரேக்குகளில் பயன்படும் டாட் வகை எண்ணெய்களின் பிசுபிசுப்பை மோட்டார் வாகனத் தரவிதியே மைனஸ் 40 பாகையில் அளந்து வரம்பு கட்டுகிறது. கனிம எண்ணெய்க்கு அப்படிப் பொதுவான தரவிதி இல்லை, தயாரிப்பாளர்தோறும் கலவை மாறுகிறது. ஆகவே எண்ணெய் பிரேக்கே வேண்டும் என்பவர் டாட் வகையை நாடுவது நல்லது. ஆண்டுதோறும் அதை மாற்றவும் வேண்டும், ஏனெனில் அது ஈரத்தை உறிஞ்சும். மைனஸ் 15வரை ஓட்டுபவர்கள் எண்ணெய் பிரேக்கின் மென்மையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. நான் கம்பி பிரேக்கை எடுத்தேன். அதன் பட்டைகளைக் கையுறை போட்டபடியே பெரிய குமிழைத் திருகிச் சரிசெய்யலாம். வீட்டின் வெதுவெதுப்பில் உறைக்குள் படியும் ஈரம் வெளியே உறைந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து இதற்கு உண்டு; அதற்காக உறை இடையில் எங்கும் வெட்டுப்படாமல் முழு நீளத்திற்கும் ஓடும்படி கொக்கிகளை வைக்கச் சொன்னேன். வண்டியைக் குளிர்ந்த கொட்டகையிலேயே வைத்திருப்பது இதைவிட நல்ல வழி.

அதிர்வு தாங்கும் ஃபோர்க்கைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம். குறைந்த அழுத்தத்தில் ஓடும் டயரே போதிய மெத்தை. குளிரில் உள்ளெண்ணெய் தடித்துவிட்ட ஃபோர்க், கூடுதல் எடையுள்ள விறைத்த கம்பி மட்டுமே.

ஆரோஹெட் பந்தய விதிகள் மைனஸ் 29 பாகைக்கு உரிய படுக்கைப்பை, அடுப்பு, எரிபொருள், பாத்திரம் ஆகியவற்றைக் கட்டாயமாக்குகின்றன. பந்தயத்தில் கலந்துகொள்ளாதவருக்கும் அவை உயிர்காக்கும் பொருள்களே. எனவே சட்டகத்தின் நடு முக்கோணத்தில் பை தொங்கவிடப் போதிய இடம் வேண்டும். மேற்குழாயைத் தாழ்த்தினால் அந்த இடம் சுருங்கும். என் உயரத்திற்கு இந்த இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்தன. கால் ஊன்றும் வசதிக்கே முதலிடம் கொடுத்து, ஃபோர்க்கின் இரு கால்களிலும் மும்மூன்று திருகு துளைகள் வைத்து, படுக்கைப்பையைக் கைப்பிடியிலும் அடுப்பையும் எரிபொருளையும் ஃபோர்க்கிலும் ஏற்ற முடிவு செய்தேன்.

கடைசியில் உலோகம். கார்பன் சட்டகத்திற்கு அச்சு வேண்டும்; ஒருவர் அளவுக்கு ஓர் அச்சு செய்வது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. 6061 அலுமினியத்தைப் பற்றவைத்தபின் உலையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும் என்பதால் தனிக் கைவினைஞர்கள் அதை அதிகம் தொடுவதில்லை. எஞ்சுபவை எஃகும் டைட்டேனியமும். எஃகு கடுங்குளிரில் முறியும் என்ற அச்சத்திற்கு அறிவியல் அடிப்படை உண்டு. குளிர் மிகும்போது எஃகின் தாங்குதன்மை குறையவே செய்யும், அலுமினியத்தில் அந்தத் திடீர் மாற்றம் இல்லை. ஆயினும் நன்றாகப் பற்றவைத்த மெல்லிய குரோமோலி எஃகுக் குழாய்கள் அலாஸ்காவின் குளிர்காலங்களைப் பல ஆண்டுகளாகத் தாங்கி வந்துள்ளன. பாதையில் முதலில் முறிவது பைகளின் பிளாஸ்டிக் கொக்கிகள்தான். எஃகின் உண்மையான எதிரி நகரச் சாலைகளில் தூவப்படும் உப்பு. டைட்டேனியத்திற்கு அந்தப் பகை இல்லை, சாயமும் தேவையில்லை. ஆனால் அதன் விலையில் எஃகுச் சட்டகத்தோடு இரண்டு சக்கரங்களையும் வாங்கிவிடலாம். மேலும், சில ஆண்டுகளில் முழங்கால் தேறி 197 ஹப் வேண்டுமென்று தோன்றினால், எஃகின் பின்பகுதியை வெட்டி மாற்றிப் பற்றவைக்கக்கூடியவர்கள் இந்த மாநிலத்திலேயே இருக்கிறார்கள்.

எஃகையே சொன்னேன். குழாய்களின் உட்புறம் முழுவதும் துருத்தடுப்பு எண்ணெய் பூசவும், பாட்டம் பிராக்கெட்டின் அடியில் ஒரு சிறு துளை இடவும் கேட்டிருக்கிறேன். வெளியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் வியர்க்கும் நீர் எல்லாம் இறங்கி அங்கேதான் தேங்கும்; மார்ச் மாத உருகலுக்கு முன் அது வடிந்துவிட வேண்டும்.